அவசரமும் ஆசையும் எழுதிய செய்திகள்

பிரெஞ்சில் 'தெப்பேஷ்' என்று ஒரு சொல் உண்டு. தந்தியில் வரும் செய்தி என்று பொருள். அதையே வினையாக்கி 'தெப்பேஷே வூ' என்றால் 'சீக்கிரம் ஆகட்டும்' என்று அர்த்தம். நாங்கள் படித்த காலத்தில், மணி அடித்த பிறகும் பள்ளி முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் எங்கள் மிசே கையைத் தட்டிக்கொண்டு இதைத்தான் சொல்வார். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் சேர்ந்தபோது, ஒலியில் இதற்குத் தங்கை போல இருக்கும் 'டெஸ்பாட்ச்' பிரிவுதான் அங்கே எல்லாவற்றையும்விட மெதுவாக நடந்தது என்பது வேறு கதை.

செய்திக்கும் அவசரத்துக்கும் ஒரே வேர் வைத்துக்கொண்ட மொழியில், செய்தி அவசரப்பட்டுக் கெட்டுப்போன கதைகளும் நிறைய உண்டு. இன்று யாரைக் கேட்டாலும், "தொலைக்காட்சி வந்து, கைபேசி வந்து, செய்தி என்பதே பாழாகிவிட்டது. அந்தக் காலத்துப் பத்திரிகையில் ஒரு வரி வந்தால் அது வேதவாக்கு" என்கிறார்கள். என் வயதுக்காரர்கள்தான் இதை அதிகமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலமும் இப்படித்தான் இருந்தது என்பதற்கு பிரெஞ்சு மண்ணோடு சம்பந்தப்பட்ட நான்கு கதைகளை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறிய பின்னணி. பாரீசில் ஷார்ல் அவாஸ் என்பவர் 1835-இல் ஒரு செய்தி நிறுவனம் தொடங்கினார். வெளிநாட்டுப் பத்திரிகைகளை மொழிபெயர்த்துக் கொடுப்பதில் ஆரம்பித்து, புறாக்களின் காலில் செய்தி கட்டி அனுப்புவது வரை போனார். அவரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்தான் பின்னால் உலகப் புகழ் பெற்ற ராய்ட்டர். 1850-இல் ஜெர்மனியின் ஆகன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்கும் நடுவே தந்திக் கம்பி இல்லாத ஓர் இடைவெளி இருந்தது. ராய்ட்டர் அந்த இடைவெளியில் புறாக்களைப் பறக்கவிட்டார். ரயிலைவிடப் பல மணி நேரம் முன்னதாகப் புறா போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் புறாக்கள் சுமந்தவை பெரும்பாலும் பங்குச் சந்தை விலைகள். விலைப்பட்டியலில் உணர்ச்சிக்கு இடமில்லை. வேகமும் வேண்டும், சரியாகவும் இருக்க வேண்டும். எண் தப்பாகப் போனால் வியாபாரி நஷ்டப்படுவான், மறுநாள் சந்தாவை நிறுத்திவிடுவான். எனவே வேகமும் துல்லியமும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகளாக ஓடின.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. எமில் தெ ஜிரார்தேன் என்பவர் 1836-இல் 'லா பிரெஸ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்றப் பத்திரிகைகள் ஆண்டுச் சந்தாவாக 80 பிராங்கு வாங்கியபோது இவர் 40 பிராங்குக்குக் கொடுத்தார். மிச்சத்தை விளம்பரக்காரர்களிடம் வசூலித்தார். மலிவு விலைப் பத்திரிகை என்ற வழக்கம் பிரான்சில் வேரூன்றியது இப்படித்தான். விளம்பரம் வேண்டுமென்றால் வாசகர் கூட்டம் வேண்டும். கூட்டம் வேண்டுமென்றால் நெஞ்சைத் தொடும் சங்கதி வேண்டும். வண்டியில் மூன்றாவது மாடாக உணர்ச்சியும் வந்து சேர்ந்தது. இந்த லா பிரெஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் கதை, 1918 நவம்பர் 7. முதல் உலகப்போர் நான்கு ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் யுனைடெட் பிரெஸ் நிறுவனத் தலைவர் ராய் ஹோவர்ட் ஊர் திரும்புவதற்காக பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வந்திருந்தார். அங்கே இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி அட்மிரல் ஹென்றி வில்சனுக்கு, போர் நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது என்று பாரீசிலிருந்து ஒரு தகவல் வந்திருந்தது. அவர் அதை ஹோவர்டிடம் சொன்னார். ஹோவர்ட் தந்தி அலுவலகத்துக்கு ஓடினார். தன் பெயரோடு பாரீஸ் கிளை நிர்வாகியின் பெயரையும் சேர்த்து அனுப்பினார். அதனால் அது பாரீசிலேயே தணிக்கை ஆகி வந்த செய்தி என்று எண்ணி பிரெஸ்ட் அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

நியூயார்க்கில் அப்போது பகல் 12 மணிக்குச் சற்று முன்பு. நகரம் தெருவுக்கு வந்துவிட்டது. சங்குகள் ஊதின, மாடிகளிலிருந்து காகிதம் கிழித்துக் கொட்டினார்கள், முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரெஸ், உறுதியாகாத செய்தியைத் தர மறுத்தது. அதற்குப் பாராட்டு கிடைக்கவில்லை, வசவுதான் கிடைத்தது. அன்று பிற்பகலிலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை மறுப்பு வெளியிட்டும் கூட்டம் கலையவில்லை. பிரெஸ்டில் இரண்டு மணி நேரத்தில் ஹோவர்டுக்கு உண்மை தெரிந்துவிட்டது. திருத்தத் தந்தி கொடுத்தார். ஆனால் அது மறுநாள்தான் அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொய்ச் செய்தி பறந்த அதே கம்பியில் மெய்ச் செய்தி நடந்து போனது.

உண்மையில் நவம்பர் 7 அன்று கையெழுத்து எதுவும் ஆகவில்லை. பேச்சுவார்த்தைக்காக வந்த ஜெர்மானியத் தூதுக்குழு அன்று இரவுதான் பிரெஞ்சு எல்லைக் கோட்டையே தாண்டியது. கையெழுத்தானது 11-ஆம் தேதி விடியற்காலையில். சண்டை நின்றது அன்று காலை 11 மணிக்கு. நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் ஆண்டுதோறும் மலர்வளையம் வைப்பது அந்தத் தேதியில்தான். நியூயார்க்கில் முடிந்துபோன போர் பிரான்சில் இன்னும் நான்கு நாள் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது.

அந்த நான்கு நாளின் கடைசி நிமிடங்களில் செத்தவர் ஒகுஸ்தேன் திரெபுஷோன் என்ற பிரெஞ்சுச் சிப்பாய். வயது 40. ஊரில் ஆடு மேய்த்தவர். படையில் அவருக்கு வேலை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தகவல் கொண்டு ஓடுவது. சண்டை நிற்கப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது குண்டு பட்டது. அவர் கொண்டுபோனது, 11.30 மணிக்குச் சாப்பாடு என்ற தகவல். வ்ரீஞ் என்ற ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் இறந்த நாள் நவம்பர் 10 என்று எழுதியிருக்கிறது. வெற்றி நாளன்று ஒருவன் செத்தான் என்று எழுத பிரெஞ்சு ராணுவத்துக்கு மனம் வரவில்லை. அதனால் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பத்திரிகைக்காரன் மட்டும்தான் உணர்ச்சியில் தப்பாக எழுதுவான், சர்க்கார் பதிவேடு கல்வெட்டு மாதிரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இங்கே கல்வெட்டே தப்பு. அதுவும் அவசரமில்லாமல், நிதானமாக யோசித்து எழுதிய தப்பு.

இரண்டாவது கதை, 1927 மே. நியூயார்க்கில் ஓட்டல் நடத்திய ரேமோன் ஓர்தேக் என்ற பிரெஞ்சுக்காரர், நியூயார்க்குக்கும் பாரீசுக்கும் இடையே நடுவில் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு அறிவித்திருந்தார். மே 8 விடியற்காலை பாரீசுக்கு வெளியே லெ பூர்ஜே விமானத் தளத்திலிருந்து 'வெள்ளைப் பறவை' என்ற விமானம் கிளம்பியது. ஓட்டியவர் ஷார்ல் நன்ஜெஸ்ஸேர், போரில் எதிரி விமானங்கள் 43-ஐ வீழ்த்தியவர், நாடே கொண்டாடிய வீரர். வழி பார்த்தவர் பிரான்சுவா கொலி, ஒரு கண்ணை இழந்தவர். எரிபொருளின் பாரம் தாங்காது என்பதால் வானொலிக் கருவியை எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பியதும் சக்கரங்களையும் கழற்றிக் கீழே போட்டுவிட்டார்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் தண்ணீரில் இறங்குவது திட்டம். வடக்குக் கடற்கரையில் எத்ரெத்தா என்ற ஊருக்கு மேலே அவர்கள் போனதைப் பார்த்தார்கள். பிரான்சு அவர்களைக் கண்ணால் பார்த்தது அதுவே கடைசி.

வானொலி இல்லாததால் அவர்களிடமிருந்து எந்தச் செய்தியும் வர வழியில்லை. அதாவது இறங்கினால்தான் தெரியும். ஆனால் வதந்திக்கு வானொலி வேண்டாமே. அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம் என்று அமெரிக்கக் கரையோரம் முழுவதிலிருந்தும் பேச்சு வந்தது. மறுநாள், மே 9 மாலை, லா பிரெஸ் சிறப்புப் பதிப்பு வெளியிட்டது. நன்ஜெஸ்ஸேரும் கொலியும் நியூயார்க்கில் இறங்கிவிட்டார்கள்! அத்தோடு நிறுத்தவில்லை. விமானம் தண்ணீரில் இறங்கியது எப்படி, கப்பல்கள் எப்படிச் சங்கு ஊதின, இரண்டு வீரர்களும் எப்படி ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தது போல எழுதியிருந்தார்கள்.

பாரீசு குதித்தது. அன்று இரவு நகரம் கொண்டாட்டத்தில் இருந்தது. ஆனால் அமெரிக்காவிலிருந்து உறுதிச் செய்தி வரவேயில்லை. இருவரும் வந்து சேரவில்லை என்பது தெளிவானதும் கொண்டாட்டம் துக்கமாயிற்று, துக்கம் கோபமாயிற்று. பத்திரிகை மேல் கோபம் நியாயம். ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. அமெரிக்க வானிலை அலுவலகம் வேண்டுமென்றே தகவலை மறைத்துவிட்டது என்று ஒரு புரளி கிளம்பியது. அந்த ஆத்திரத்தைப் பார்த்த அமெரிக்கத் தூதர் மைரன் ஹெரிக், இந்த நேரத்தில் அமெரிக்க விமானி எவராவது இங்கே வந்து இறங்கினால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தம் அரசுக்கு எழுதினார். ஒரு பொய்யால் ஏறிய உற்சாகம் இறங்கும்போது அடுத்த பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறது.

நல்லவேளையாக அவர் பயந்தபடி நடக்கவில்லை. மே 21 இரவு லிண்ட்பெர்க் லெ பூர்ஜேயில் வந்து இறங்கியபோது லட்சத்துக்கு மேற்பட்ட பாரீசு மக்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடி அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அவர் பாரீசில் செய்த முதல் காரியங்களில் ஒன்று நன்ஜெஸ்ஸேரின் தாயாரைப் போய்ப் பார்த்தது. அந்த அம்மாளை நினைத்துத்தான் எனக்கு லா பிரெஸ் மேல் கோபம் வருகிறது. ஜிரார்தேன் தொடங்கி 91 ஆண்டு ஆன பத்திரிகை. மற்றவர்களுக்கு அது ஒரு நாள் ஏமாற்றம். பெற்றவளுக்கு, பிள்ளை கரை சேர்ந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்பது என்ன கொடுமை!

மூன்றாவது கதை 1989 டிசம்பர். நம்மில் பலர் அப்போது தொலைக்காட்சி பார்த்திருப்போம். ருமேனியாவின் திமிஷோவாரா நகரில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் படைகள் மக்கள் மேல் சுட்டன. அது உண்மை. பிறகு, அங்கே 4,632 பேர் கொல்லப்பட்டார்கள் என்று கிழக்கு ஐரோப்பியச் செய்தி நிறுவனங்கள் வழியாக ஓர் எண் வந்தது. மண்ணைத் தோண்டி வரிசையாகக் கிடத்திய உடல்களின் படமும் வந்தது. ஒரு பெண்ணின் உடல் மேல் ஒரு பச்சைக் குழந்தை. பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின.

திரையில் தெரிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில உடல்கள்தான். ஆனால் 4,632 என்ற எண்ணைக் கேட்டுவிட்டுப் பார்த்த கண்ணுக்கு ஆயிரக்கணக்கில் தெரிந்தது. உருண்டையான எண்ணாக இல்லாமல் கடைசி இலக்கம் வரை சொன்னதால் யாரோ எண்ணித்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது. அடுத்த மாதமே உண்மை வந்தது. அவை ஏழைகளைப் புதைக்கும் இடுகாட்டிலிருந்து தோண்டியெடுத்த உடல்கள். கலவரத்துக்கு முன்பே நோயில் செத்தவர்கள். அந்தப் பெண் ஈரல் நோயில் இறந்தவர். அந்தக் குழந்தை அவர் குழந்தையே இல்லை.

இதில் பெரிய அநியாயம் எது தெரியுமா? திமிஷோவாராவில் நிஜமாகவே ஆட்கள் செத்தார்கள். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உடல்களை ஆட்சியாளர்கள் ரகசியமாகத் தலைநகருக்கு எடுத்துப்போய் எரித்து, சாம்பலைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். கிடத்திக் காட்டுவதற்கு அவர்களுக்கு உடல்கூட இல்லை. புரட்சி முழுவதிலும் ருமேனியா எங்கும் இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். பொய்ப்படம் வெளுத்தபோது, 'எல்லாமே நாடகம்தான்' என்று பேச ஆரம்பித்தார்கள். இல்லாத 4,000 பேருக்காக அழுத உலகம், இருந்த சிலருக்காக அழும்போது சந்தேகத்தோடு பார்த்தது. மிகைப்படுத்தினால் பாதிக்கப்பட்டவனுக்கு உதவியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான்காவது கதை கிட்டத்தில் நடந்தது. 1835-இல் அவாஸ் தொடங்கிய செய்திப் பணியின் வாரிசுதான் 1944-இல் உருவான பிரான்சு செய்தி நிறுவனம், ஏ.எஃப்.பி. 2015 பிப்ரவரி 28 அன்று அது ஓர் அவசரச் செய்தி அனுப்பியது: பிரான்சின் பெரிய தொழிலதிபர் மார்தேன் புயிக் காலமானார். அவர் உயிரோடுதான் இருந்தார்.

எப்படி நடந்தது? அவருக்கு வீடு இருந்த பகுதியில், பக்கத்து ஊர் மேயரிடம் தொலைபேசியில் விசாரித்திருக்கிறார்கள். பேச்சில் 'மிசே மார்தேன்' என்ற பெயர் அடிபட்டது. மேயர், ஆம், இறந்துவிட்டார் என்றார். அவர் சொன்னது தம் ஊரில் இறந்த, மார்தேன் என்ற குடும்பப் பெயருள்ள வேறொருவரை! நம் ஊரில் 'முருகன் போயிட்டாராமே' என்று கேட்டால் எந்த முருகன் என்று கேட்க மாட்டோமா? பிரான்சில் மார்தேன் அப்படிப்பட்ட பெயர். சிறிது நேரத்தில் செய்தியைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்கள். செய்திப் பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருந்த இருவர் பதவி விலகினார்கள்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தேன். அழுதுகொண்டு வருபவரிடமும் நாங்கள் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். இறந்தவரின் முழுப் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, நீங்கள் அவருக்கு என்ன உறவு, மருத்துவர் சீட்டு எங்கே? "செத்தது எங்கப்பன்யா, உனக்கு என்ன கேள்வி வேண்டிக் கிடக்கு" என்று திட்டியவர்களும் உண்டு. திட்டு வாங்கிக்கொண்டே எழுதுவோம். ஈவிரக்கம் இல்லாத குமாஸ்தா என்று பெயர். ஆனால் ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், உயிரோடு இருக்கும் மற்ற இருவரின் ஓய்வூதியத்தைக் காப்பாற்றியது அந்தத் தகப்பன் பெயர் என்ற கேள்விதான்.

நான்கு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. வேகம் மட்டும் காரணமில்லை. வேகம்தான் காரணம் என்றால் ராய்ட்டரின் விலைப்பட்டியல் தினமும் தப்பாகியிருக்க வேண்டும். 1918-இல் போர் முடிய வேண்டும் என்று உலகமே ஏங்கியது. 1927-இல் தங்கள் வீரர்கள் ஜெயிக்க வேண்டும் என்று பிரான்சு துடித்தது. 1989-இல் சௌஷெஸ்கு எவ்வளவு கொடியவனாக இருக்க முடியுமோ அவ்வளவு கொடியவனாக இருக்க வேண்டும் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. செய்தி வருவதற்கு முன்பே அது வாசகர் மனத்தில் எழுதப்பட்டுவிட்டது. பத்திரிகை அதைப் படியெடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். நான்காவதில் மட்டும் ஆசை வாசகருடையது அல்ல, முந்திக்கொள்ள வேண்டும் என்ற நிறுவனத்தின் ஆசை.

இன்னொன்றும் கவனியுங்கள். பொய்ச் செய்தியில் விவரம் குறைவாக இருக்கும் என்பது தப்பு. தழுவிக்கொண்ட வீரர்கள், 4,632 என்ற எண், தாய் மேல் குழந்தை என்று விவரம் கொட்டிக் கிடந்தது. அந்த விவரத்தை நேரில் பார்த்த ஆள்தான் இல்லை.

இதற்கெல்லாம் பத்திரிகைக்காரர்களைத் திருத்த நம்மால் ஆகாது. ஆனால் இப்போது நாமெல்லோரும் கைபேசியில் ஆளுக்கொரு தந்தி அலுவலகம் வைத்திருக்கிறோம். ஹோவர்டாவது துறைமுகம் வரை போய், தளபதியைக் கேட்டு, தந்தி நிலையத்துக்கு ஓடினார். நமக்கு ஒரு விரல் போதும். அதனால் வாட்ஸ்அப்பில் எதையும் அடுத்தவருக்கு அனுப்புமுன் பழைய பதிவேட்டுக் கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னது யார்? அவர் நேரில் பார்த்தாரா? எங்கே, எப்போது? அதோடு புதிதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: இது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறதா? ஆசையாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பேன். அசோசியேட்டட் பிரெஸ் அன்று வாங்கிய வசவோடு ஒப்பிட்டால், 'என்ன தாத்தா, இப்பத்தான் அனுப்பறீங்க, ரொம்பப் பழசு' என்று பேரன் கேலி செய்வது ஒன்றும் பெரிதில்லை.

வெள்ளைப் பறவை எங்கே விழுந்தது என்பது இன்று வரை உறுதியாகத் தெரியவில்லை. லெ பூர்ஜேயில் நன்ஜெஸ்ஸேர், கொலி, லிண்ட்பெர்க் மூவருக்கும் சேர்த்து ஒரே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். முயன்றவர்களுக்கும் முடித்தவருக்கும் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பரிசை அறிவித்த ஓட்டல்காரர் ஓர்தேக்கின் கதை இன்னும் சுவையானது. உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.